போலி என்று குறித்த நட்சத்திரம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

கவரைப் பார்த்ததும் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்திருப்பாய். யாருக்கும் இல்லை. எனக்கும் இல்லை, நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். போனில் பேசினால் பக்கத்தில் அண்ணன் இருப்பான், டிவி அலறும், வாண்டு போனைப் பிடுங்கிக்கொள்வாள். பேச வந்ததை விட்டுவிட்டு சளி, இருமல் என்று முடிந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, உன் மேல் குறையும் கூடியிருக்கிறது. மருமகள் போன் செய்வதே இல்லையாம். இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணின்னு ஆரம்பிச்சுட்டு உள்ள பூரா நீ, வா, போன்னு எழுதுறியே, மரியாதை வேணாமா?” என்று இப்போதுதான் திட்டிவிட்டுப் போனாள். ஒரே அறையில் மூன்று வருஷம் முதுகோடு முதுகு உட்கார்ந்து வேலை பார்த்தவளை என் அண்ணன் கட்டிக்கொண்டதற்காக நான் எப்படி ‘நீங்கள்’ போடுவது?

நம் விண்வெளித் தொலைநோக்கியை அணைத்துவிட்டார்கள். செய்தியில் பார்த்திருப்பாய். எரிபொருள் தீர்ந்துவிட்டது, போன மாதம் கடைசிக் கட்டளையை அனுப்பினார்கள். அன்று மாலை தலைவர் கேக் வெட்டினார். துக்கத்துக்குக் கேக் வெட்டிய ஒரே அலுவலகம் நம்முடையதாகத்தான் இருக்கும். நம் அறை அப்படியே இருக்கிறது. ஏ.சி. ஒழுகும் இடத்தில் அதே பச்சை வாளி. உன் நாற்காலியில் இப்போது யாரும் இல்லை, பிரிண்டரை வைத்திருக்கிறார்கள். குண்டூசி, சல்லடை என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளவும் ஆளில்லை.

ஒரு சின்ன உதவி. அலுவலகத்தில் பழைய சாமான்களை வைத்து ஒரு கண்காட்சி போடப் போகிறோம். உன்னிடம் ஒரு பழுப்பு அட்டை நோட்டு இருக்குமே, நட்சத்திரங்களைப் பார்க்கும்போது பென்சிலால் கிறுக்கிக்கொண்டே இருப்பாயே, அது இன்னும் இருந்தால் அனுப்பு. பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். அண்ணனிடம் சொல்ல வேண்டாம், அவனுக்கு இதெல்லாம் பிடிக்காது.

வாண்டுவுக்கு அத்தையின் முத்தம்.

உன்
குண்டூசி

---

ஜனவரி 20

அன்புக் குண்டூசிக்கு,

கண்காட்சியா? என் மானத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே சீட்டு ஒட்டி, பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துக் காட்டப்போகிறீர்களா? நன்றாக இருக்கிறது. டிக்கெட் உண்டா?

கோபமில்லை. சும்மா சொன்னேன். கொஞ்சம் கோபம்தான்.

இங்கே என் பிழைப்பு உனக்குத் தெரியாததா? பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் லென்ஸுகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறேன். மாலையில் வீடு. உன் அண்ணன் சௌக்கியம். நாக்கும் சௌக்கியம். குழம்பில் உப்புப் போட்டேன் என்று சொன்னால், “போட்டியா, இல்ல உன் கிரகம் மாதிரி போட்ட மாதிரி தெரிஞ்சுதா?” என்கிறார். சாவியைக் காணோம் என்றால், “தொலைநோக்கி வச்சுத் தேடு” என்கிறார். விருந்தாளிகள் வந்தால் இது கட்டாயம் ஒரு முறை வரும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். போன வருஷம் நீ வந்திருந்தபோது நீயும்தான் சிரித்தாய்.

போன வாரம் வாண்டு கேட்டாள், “அம்மா, அப்பா ஏன் உன்னைப் பொய்க்கிரகம்னு கூப்பிடறாங்க?” ஆறு வயதுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். நட்சத்திரத்துக்கு முன்னால் ஒரு கிரகம் குறுக்கே போனால் வெளிச்சம் துளியூண்டு குறையும். நம் பூமி அளவுக் கிரகம் என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு குறையும். அந்தப் பள்ளத்தைத் தேடுவதுதான் அம்மாவின் வேலை. எங்கள் கண் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, ஆபீசில் சில நட்சத்திரங்களின் வெளிச்சக் கணக்கில் அவர்களே பொய்யாகப் பள்ளம் வெட்டி வைப்பார்கள். எது பொய் என்ற பட்டியல் ஒரே ஒருவரிடம் பூட்டி இருக்கும். அம்மா ஒன்றைக் கண்டுபிடித்து, நிஜம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள், பட்டியலைத் திறந்து பார்த்தால் அது அவர்கள் வெட்டி வைத்த பள்ளம். “அப்ப நீ ஏமாந்துட்டியா?” என்றாள். ஆமாம் என்றேன்.

அவ்வளவுதான் கதை. அந்த மூலை நட்சத்திரம் இருக்கிறதே, கேமராவின் ஓரத்தில் தனியாக நின்றது, அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. குழு முழுவதும் உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டு அரை மணி நேரம் பேசினேன். பேசி முடித்த பிறகு நீ எழுந்து மெதுவாக, “அது போலிங்க, பட்டியல்ல இருக்கு” என்றாய். மறுவாரம் நான் வேலையை விட்டேன்.

நோட்டு இருக்கிறது. ஆனால் நீ பொய் சொல்கிறாய். உனக்குப் பொய் சொல்ல வராது, வந்தால் ‘சின்ன உதவி’ என்று ஆரம்பிப்பாய். எதற்கு வேண்டும் என்று நிஜத்தை எழுது, அனுப்புவதா வேண்டாமா என்று பார்க்கலாம்.

சல்லடை

---

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

சரி, கண்காட்சி இல்லை.

தொலைநோக்கியை அணைத்த பிறகு, முதலிலிருந்து கடைசி வரை எல்லாக் கணக்கையும் புது மென்பொருளில் திரும்பப் போட்டார்கள். பழைய குறிகளை எல்லாம் அழித்துவிட்டுப் போட்டார்கள். பூமி அளவு என்று பதினோரு நட்சத்திரங்கள் வந்தன. அதில் ஒன்று மூலை நட்சத்திரம்.

அண்ணி, தொலைநோக்கியை வேறு திசைக்குத் திருப்பும் வரை நான்கு பள்ளம். முந்நூற்று ஐம்பத்திரண்டு நாளுக்கு ஒன்று. நீ இரண்டைப் பார்த்தாய். மூன்றாவதும் நான்காவதும் நீ போன பிறகு விழுந்திருக்கின்றன. நாம் பொய்ப் பள்ளம் வெட்டியது முதல் இரண்டு வருஷக் கணக்கின் நகலில் மட்டும்தான். அதற்குப் பிறகு வந்த கணக்கில் யாரும் கை வைக்கவில்லை. பெரிய தொலைநோக்கிகளை வைத்து இரண்டு குழுக்கள் பார்த்துவிட்டன, பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் கலந்த குழப்பமும் இல்லை. கிரகம்தான். பூமியைவிடப் பத்தில் ஒரு பங்கு பெரிது. நம் சூரியன் மாதிரியே ஒரு சூரியன்.

போலி என்று குறித்துவிட்டதால் பழைய மென்பொருள் அந்த நட்சத்திரத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பட்டியலில் ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது என்று தெரிகிறது. கட்டுரை எழுதும் பொறுப்பைத் தலைவர் என்னிடம் கொடுத்திருக்கிறார். சரிபார்ப்புப் பிரிவு முழுக்க இப்போது என்னிடம்தானே இருக்கிறது. அந்தக் காலத்துக் காகிதங்களைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். உன் நோட்டு மட்டும்தான் மிச்சம். அனுப்பு. உன் பெயர் நிச்சயம் வரும்.

குண்டூசி

---

பிப்ரவரி 11

குண்டூசி,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் படித்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பீரோவைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் நின்றேன். பிறகு ஆய்வகக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். நிஜமாகவே இருந்திருக்கிறது. நான் பைத்தியம் இல்லை. அந்த அரை மணி நேரமும் நான் சொன்னது ஒவ்வொன்றும் சரி.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில், ‘அடுத்தது செப்டம்பர் 19, காலை ஆறு மணிக்குத் தொடங்கும், பதினொரு மணி நேரம் நீளும்’ என்று இருக்கிறது. சரியா என்று சொல். நீ சொல்லாவிட்டாலும் சரியாகத்தான் இருக்கும்.

உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சொல்ல வேண்டாம் என்றாய். ஏன் வேண்டாம் என்றாய்?

இரவு முழுக்க உன் கடிதத்தில் ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘பட்டியலில் ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது.’ தவறு என்ன, தானாகவே படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டதா? பட்டியலைப் பூட்டி வைத்திருந்த ஒருவர் யார் என்று எனக்குத் தெரியும், அந்த மாதம் உன் முறை. பூசி மெழுகாமல் எழுது. என்ன நடந்தது? எப்போது உனக்குத் தெரியும்?

அதைச் சொல்லாமல் நோட்டு வராது.

சல்லடை

---

மார்ச் 2

அண்ணி,

இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

செப்டம்பர் 19, காலை ஆறேகால் மணி. பத்தே முக்கால் மணி நேரம்.

அந்த மாதம் இரண்டு பட்டியல் இருந்தது. முதலில் ஐந்நூறு நட்சத்திரங்களைத் தேர்ந்தெடுத்து ஒரு வரைவு போட்டோம். அதில் மூலை நட்சத்திரம் இருந்தது. ஓரத்தில் இருப்பவை சோதனைக்குச் சரிப்படாது என்று பிறகு நாற்பதை எடுத்துவிட்டு, மிச்சத்தில்தான் பள்ளம் வெட்டினோம். நீ பேசிக்கொண்டிருந்தபோது நான் மேஜைக்கு அடியில் மடிக்கணினியில் திறந்து பார்த்தது வரைவை. உன் நட்சத்திரம் அங்கே இருந்தது. எழுந்து சொல்லிவிட்டேன். இறுதிப் பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. சத்தியமாக அது வரைக்கும் வெறும் தவறுதான்.

எட்டு நாள் கழித்து மாதக் கணக்கை ஒப்படைக்க இறுதிப் பட்டியலைத் திறந்தேன். உன் நட்சத்திரம் அதில் இல்லை. நீ அப்போது ராஜினாமாக் கடிதம் கொடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கல்யாணத்துக்குப் பதினைந்து நாள். பயந்துபோய் முதலில் அண்ணனிடம்தான் ஓடினேன்.

உனக்கு நினைவிருக்கும், கல்யாணத்துக்குப் பிறகும் நீ வேலையை விடமாட்டாய், அவன்தான் மாற்றல் வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தீர்கள். நீ வேலையை விட்டதும் அந்தச் சண்டை நின்றுவிட்டது. நான் சொன்னதை அவன் முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு, “விடு. இப்ப சொன்னா அவ அங்கயே உக்காந்துடுவா. கல்யாணம் முடியட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்” என்றான். கல்யாணம் முடிந்து கேட்டேன். “இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது, நிம்மதியா இருக்கா, கெடுத்துடாதே” என்றான். வாண்டு பிறந்த பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

பழியை அவன் மேல் போடுவதற்காக இதை எழுதவில்லை. அவன் வாயை மூடு என்றான், மூடியது என் வாய். அடுத்த மாதம் எனக்கு நிரந்தர வேலைக்கு நேர்காணல் இருந்தது. சோதனைப் பட்டியலையே மாற்றிப் பார்த்தவள் என்று தெரிந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? அதையும் யோசித்தேன். அதைத்தான் முதலில் யோசித்தேன். அந்த வருஷம், நீ பேச்சில் சொல்லியிருந்த செப்டம்பர் 19 அன்று தனியாக உட்கார்ந்து அந்த நட்சத்திரத்தின் கணக்கை இறக்கிப் பார்த்தேன். பள்ளம் விழுந்திருந்தது. அன்றைக்கு உனக்குப் போன் செய்தேன். நீ மளிகைச் சாமான் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். நானும் வேறு ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

உன் வீட்டில் அவன் கிண்டல் செய்தபோது சிரித்தேன் என்று எழுதியிருந்தாய். சிரித்தேன். சிரிக்காவிட்டால் நீ என் முகத்தைப் பார்த்துவிடுவாய் என்று பயமாக இருந்தது.

என்ன வேண்டுமானாலும் திட்டு. எழுது, போதும்.

குண்டூசி

---

மார்ச் 10

குண்டூசிக்கு,

உன் அண்ணனிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “மூலை நட்சத்திரம் போலி இல்லைன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?” என்றேன். ‘என்ன உளறுகிறாய்’ என்று கேட்பார் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கை வைத்திருந்தேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “யார் சொன்னா?” என்றார்.

அவ்வளவு போதும் எனக்கு.

பிறகு நிறையப் பேசினார். எல்லாம் என் நன்மைக்காம். அந்த வேலையில் இருந்திருந்தால் கண் போயிருக்குமாம், குழந்தை பிறந்திருக்காதாம், யாருக்கு என்ன குறை வைத்தாராம். நான் ஒன்றுதான் கேட்டேன். மறைத்ததை விடுங்கள், அது ஏதோ பயம் என்று வைத்துக்கொள்கிறேன். தெரிந்துகொண்டே ஏழு வருஷமாக எப்படிக் கிண்டல் செய்தீர்கள்? சும்மா விளையாட்டுக்கு என்றார்.

உன்னை என்ன திட்டுவது? கல்யாணத்துக்கு முந்தின நாள் எனக்குத் தலை பின்னிவிட்டது நீ. பின்னிக்கொண்டே, “போனா போகட்டும், வேலைதானே” என்றாய். அப்போது உனக்குத் தெரியும். பின்னல் ஒரு இழைகூடப் பிசகவில்லை.

நோட்டு வேண்டும் என்றால் தருகிறேன். ஆனால் கட்டுரையில் நடந்தது நடந்தபடி வர வேண்டும். யார் கண்டுபிடித்தது, யார் எந்தப் பட்டியலைப் பார்த்து அதைப் போலி என்றது, தவறு என்று எப்போது தெரிந்தது, எத்தனை வருஷம் சொல்லவில்லை. நான்கு வரி. ‘நன்றி’ என்று கடைசியில் குட்டி எழுத்தில் என் பெயரைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்காதே. எனக்கு உன் நன்றி வேண்டாம். அந்த அறையில் என்னை உட்காரச் சொன்னவர்கள் எல்லோரும் அதைப் படிக்க வேண்டும்.

சல்லடை

---

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணிக்கு,

தலைவரிடம் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. பாதி சொன்னேன். அந்த நாளில் பட்டியல்களில் ஒரு குழப்பம் இருந்தது என்று சொன்னேன். யாருடைய குழப்பம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ‘பழைய பட்டியலில் இருந்த பிழையால் இந்த நட்சத்திரம் முன்பு நீக்கப்பட்டிருந்தது’ என்று ஒரு வரி போட்டால் போதும் என்றார். உன் பெயர் நான்காவதாக வரும். நன்றிப் பகுதியில் இல்லை, ஆசிரியர் வரிசையிலேயே வரும். என் பெயர்தான் முதலில் இருக்கும், எழுதுகிறவள் நான் என்பதால். நோட்டு இல்லாமலேயே கட்டுரை நிற்கும் என்கிறார், இருந்தால் நல்லது.

அண்ணி, எனக்கு வேறு ஒன்றும் இல்லை. உனக்கு வாண்டு இருக்கிறாள், வீடு இருக்கிறது. எனக்கு இந்த அறை மட்டும்தான். மறைத்தேன் என்று எழுதினால் மறுநாளே சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பச் சொல்வார்கள். அம்மாவையும் வைத்துக்கொண்டு நாற்பது வயதில் நான் எங்கே போவேன்? உன்னிடம் நிஜத்தைச் சொல்லிவிட்டேன் இல்லையா? ஊருக்கெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? இது நமக்குள் இருக்கட்டும். நீ பெரிய மனது பண்ணினால் உண்டு.

பதினெட்டாம் தேதி கட்டுரையை அனுப்புகிறோம். அதற்குள் சரி என்று ஒரு வார்த்தை எழுது. போனிலாவது சொல்லு.

உன்
குண்டூசி

---

ஏப்ரல் 15

குண்டூசிக்கு,

எனக்கு வீடு இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த வீடு எப்படி வந்தது என்பதையும் நீதான் எழுதியிருந்தாய், முந்தைய கடிதத்தில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்.

நோட்டின் கடைசி இரண்டு பக்கங்களை நகல் எடுத்து உன் தலைவருக்கு அனுப்பிவிட்டேன். கூடவே உன் மார்ச் 2 கடிதத்தின் நகலையும். முழுக் கடிதம், ஒரு வரி விடவில்லை. தேதியும் உன் கையெழுத்தும் இருக்கிறது. கட்டுரையை எப்படி எழுதுவது என்று இனி அவர் பார்த்துக்கொள்வார். நேற்றுப் போன் செய்தார். “அன்னிக்கு நாங்களும் இன்னொரு தடவை பாத்திருக்கணும்மா” என்றார். என்னைத் திரும்ப வரச் சொன்னார். தொலைநோக்கியும் இல்லை, பழைய கண்ணும் இல்லை, வந்து என்ன செய்ய என்றேன். இருக்கிற கணக்கையே பார்த்து முடிக்க இன்னும் பத்து வருஷம் ஆகும் என்றார். யோசிக்கிறேன்.

கெஞ்சிக் கேட்டாய், உனக்கு நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியவில்லை. உன்னை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஒரு தபால் தலையின் விலைக்கு உன் வேலையைப் பறித்துவிட்டேன். ஆனால் ஒரு மாதம் உனக்கு நேரம் கொடுத்தேன். அந்த ஒரு மாதத்திலும் நீ கணக்குப் போட்டுப் பார்த்தது உன் நாற்காலியை மட்டும்தான். என் வேலை போனபோது எனக்கு எட்டு நாள்கூட யாரும் கொடுக்கவில்லை.

அத்தையிடம் நானே பேசிவிட்டேன். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை, முழுக்க அழுதார்கள். முழங்காலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன், நீ எடுத்துக் கொடு.

இனி என்னை அண்ணி என்று எழுதாதே. எழுதவே எழுதாதே. முந்தாநாள் வாண்டுவை அழைத்துக்கொண்டு அந்த வீட்டை விட்டு வந்துவிட்டேன். குழந்தையைப் பார்க்க வர வேண்டும் என்பதற்காக, புது விலாசத்தை உன் அண்ணனிடம் மட்டும் கொடுத்திருக்கிறேன். நீ கேட்டால் சொல்லக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். சொல்லமாட்டார். வாயை மூடிக்கொண்டிருப்பது அவருக்குப் பழகிய வேலைதானே.

வாண்டுவின் அம்மா